சீக்ரெட்ஸ் மேனேஜர் பில் 510 டாலர் வருது, அஷ்யூருக்கு மாறலாமா?

கேள்வி சுருக்கமா இதுதான்: அமேசான் க்ளவுடு ஏடபிள்யூஎஸ்ஸோட மும்பை ரீஜன்ல ஈகேஎஸ் (ஆப்ப மெஷின் கூட்டமான கிளஸ்டர்ல ஓட்டற குபர்னெட்டிஸ அவங்களே பாத்துக்கற சர்வீஸ்) ஓடுது, சுமார் 300 சீக்ரெட் (பாஸ்வேர்டு, ஏபிஐ கீ மாதிரி) ஏடபிள்யூஎஸ் சீக்ரெட்ஸ் மேனேஜர்ல இருக்கு, எக்ஸ்டர்னல் சீக்ரெட்ஸ் ஆபரேட்டர்ங்கற டூல வச்சு கிளஸ்டருக்குள்ள இழுக்கறோம், அந்த ஒரு சர்வீசுக்கு மட்டும் மாசம் 510 டாலர் கிட்ட வருது, மைக்ரோசாஃப்ட் க்ளவுடான அஷ்யூரோட கீ வால்ட்ல சீக்ரெட்டுக்கு மாச வாடகையே கிடையாதாம், அங்க மாறிடலாமா, இல்ல ஹாஷிகார்ப் வால்ட்ங்கற சீக்ரெட் சாஃப்ட்வேர நாங்களே ஓட்டினா மிச்சமாகுமா.

ரெண்டும் வேண்டாம் சகோ, அட்லீஸ்ட் இப்போதைக்கு வேண்டாம். முதல்ல உங்க யாமல் ஃபைல்ல (குபர்னெட்டிஸுக்கு செட்டிங் எழுதற ஃபைல்) ஒரே ஒரு வரிய பாக்கணும். அது எந்த வரின்னு உங்க பில்லுலேர்ந்தே கண்டுபிடிக்கலாம், வாங்க கணக்கு போட்டு பாப்போம்.

சீக்ரெட்ஸ் மேனேஜர்ல ரேட் ரெண்டே ரெண்டு தான். ஒரு சீக்ரெட்டுக்கு மாசம் 0.40 டாலர், அப்புறம் 10,000 ஏபிஐ காலுக்கு (ஒரு தடவ போய் கேக்கறது ஒரு கால்) 0.05 டாலர். 300 சீக்ரெட்டுக்கு வாடகை 120 டாலர் ஆச்சு. மிச்சம் 390 டாலர் கால்ல தான் வந்திருக்கணும், வேற வழியே இல்ல. 390 டாலருக்கு எத்தன கால்னு பாத்தா 7 கோடியே 80 லட்சம். 300ஆல வகுத்தா ஒரு சீக்ரெட்டுக்கு மாசம் 2 லட்சத்து 60 ஆயிரம் தடவ. 30 நாளுக்கு 25,92,000 செகண்ட், அத இதால வகுத்தீங்கன்னா 10 வருது. அதாவது ஒவ்வொரு சீக்ரெட்டையும் 10 செகண்டுக்கு ஒரு தடவ யாரோ போய் கேட்டுக்கிட்டே இருக்காங்க, ராத்திரி 3 மணிக்கும், ஞாயித்துக்கிழமையும், பாஸ்வேர்டு போன வருஷத்துலேர்ந்து மாறாம அதே பாஸ்வேர்டா இருந்தாலும்.

அந்த யாரோ உங்க ஆபரேட்டர் தான். எக்ஸ்டர்னல் சீக்ரெட் ஃபைல்ல ரெஃப்ரெஷ் இன்டர்வல்னு ஒரு ஃபீல்டு இருக்கும், அதுல 10 செகண்டுனு போட்டிருப்பீங்க, பெட் வச்சே சொல்றேன். டீஃபால்ட் 1 மணி நேரம். யாரும் வேணும்னே 10 செகண்ட் வைக்கறதில்ல, முதல்ல செட்டப் பண்றப்போ பாஸ்வேர்ட மாத்திட்டு கிளஸ்டர்ல வருதான்னு பாக்க ஒரு மணி நேரமா காத்துக்கிட்டு இருப்போம், 10 செகண்ட் போட்டு டெஸ்ட் பண்ணுவோம், வேலை செஞ்சதும் சந்தோஷத்துல அப்படியே கமிட் பண்ணிடுவோம், அப்புறம் அந்த ஹெல்ம் டெம்ப்ளேட்ட (யாமல் ஃபைலுக்கான அச்சு) அடுத்த டீம் காப்பி அடிப்பான், அதுக்கு அடுத்த டீமும். நானே இத பண்ணிருக்கேன், அதனால தான் இவ்ளோ தெளிவா தெரியுது.

இப்ப அதையே 1 மணி நேரம்னு மாத்தினா 300 சீக்ரெட் இன்டு 720, மாசம் 2,16,000 கால், காசு 1.08 டாலர். 389 டாலர் இருந்த எடத்துல ஒரு டாலர் சொச்சம். ஒரு வரி தான்.

உடனே ஒருத்தர் கேப்பாங்க, பாஸ்வேர்டு ரொட்டேட் ஆனா, அதாவது மாறினா, ஒரு மணி நேரம் ஆப் பழைய பாஸ்வேர்டோட சுத்துமேன்னு. நியாயமான பயம் தான், ஆனா 10 செகண்ட் வச்சிருந்தாலும் அப்படித்தான் சுத்தும். ஏன்னா உங்க பாட் (குபர்னெட்டிஸ்ல ஆப் ஓடற டப்பா) அந்த சீக்ரெட்ட என்விரான்மென்ட் வேரியபிளா (ஆரம்பிக்கறப்போ ஒரு தடவ குடுக்கற வேல்யூ) எடுத்திருந்தா, குபர்னெட்டிஸ் சீக்ரெட் மாறினாலும் பாட் ரீஸ்டார்ட் ஆகற வரைக்கும் உள்ள பழைய வேல்யூ தான். வால்யூமா, அதாவது ஃபைலா, மவுன்ட் பண்ணியிருந்தா ஃபைல் மாறும், அதுக்கும் க்யூப்லெட் (மெஷின்ல பாட்ட பாத்துக்கற ப்ரோக்ராம்) தன்னோட டைம் எடுத்துக்கும், அதுலயும் சப்பாத் (subPath) போட்டு ஒரு ஃபைல மட்டும் மவுன்ட் பண்ணிருந்தா அதுவும் மாறாது. அப்படியே ஃபைல் மாறினாலும் ஆப் அத திரும்ப படிக்கணும், எத்தன ஆப் படிக்குது? ஆக நீங்க 10 செகண்டுக்கு ஒரு தடவ காசு குடுத்து வாங்கறது யாருமே திறந்து பாக்காத பேப்பர். அவசரத்துக்கு உடனே சிங்க் வேணும்னா அந்த எக்ஸ்டர்னல் சீக்ரெட் மேல ஃபோர்ஸ் சிங்க்னு ஒரு அனோட்டேஷன் (குறிப்பு) போட்டா அந்த நிமிஷமே இழுத்துக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு ரொட்டேஷன்ல ரெண்டு யூசர் மாத்தி மாத்தி வைக்கற முறை இருக்கு, அதுல புது பாஸ்வேர்டு வந்த பிறகும் பழைய யூசர் அடுத்த ரொட்டேஷன் வரைக்கும் வேலை செய்வார், ஒரு மணி நேர தாமதம்லாம் ஒண்ணும் பண்ணாது.

சரி, 510 டாலர் பிரச்சனை முடிஞ்சுது. ஆனா உங்க கேள்வில இல்லாத ஒண்ண நான் சொல்லணும், ஏன்னா அதுதான் பெரிய ஓட்டை. சீக்ரெட்ஸ் மேனேஜர்னு போட்டிருக்கற வரிய மட்டும் பாத்தீங்கல்ல, அதே பில்லுல க்ளவுட்ட்ரெயில்னு (ஏடபிள்யூஎஸ்ல யாரு என்ன பண்ணினாங்கன்னு பதிவு பண்ற சர்வீஸ்) ஒரு வரி இருக்கும், அத திறந்து பாருங்க.

ஒவ்வொரு தடவ சீக்ரெட்ட படிக்கும்போதும் க்ளவுட்ட்ரெயில்ல ஒரு ஈவென்ட் விழும், அது மேனேஜ்மென்ட் ஈவென்ட் கணக்குல வரும். மேனேஜ்மென்ட் ஈவென்ட்ட எஸ்3ல (ஃபைல் சேத்து வைக்கற சர்வீஸ்) ஒரு காப்பி எழுதறது இலவசம். ரெண்டாவது காப்பிக்கு 1,00,000 ஈவென்டுக்கு 2 டாலர். யாரு ரெண்டாவது ட்ரெயில் (அந்த காப்பிய எழுதற செட்டப்) வைப்பாங்கன்னு நினைக்காதீங்க, நிறைய கம்பெனில இருக்கும்: ஆர்கனைசேஷன் லெவல்ல செக்யூரிட்டி டீம் ஒண்ணு வச்சிருக்கும், அதுக்கு முன்னாடியே அக்கவுண்ட்டுக்குள்ள யாரோ ஒருத்தர் ஒண்ணு வச்சுட்டு வேலைய விட்டு போயிருப்பார். உங்க 7.8 கோடி கால் அப்படியே 7.8 கோடி ஈவென்ட், ரெண்டாவது காப்பிக்கு மாசம் 1,555 டாலர் சொச்சம். சீக்ரெட்ஸ் மேனேஜர் பில்ல விட மூணு மடங்கு, ஆனா வேற பேர்ல வருது, அதனால யாரும் சேத்து பாக்க மாட்டாங்க. ஏடபிள்யூஎஸ் செலவ பிரிச்சு காட்டற காஸ்ட் எக்ஸ்ப்ளோரர்ல யூசேஜ் டைப் வச்சு க்ரூப் பண்ணினா பெய்ட் ஈவென்ட்ஸ் ரெக்கார்டட்னு முடியற ஒரு வரி தெரியும், அது பூஜ்யமா இல்லன்னா உங்ககிட்ட ரெண்டாவது ட்ரெயில் இருக்குன்னு அர்த்தம்.

அதோட நிக்கல. அந்த 300 சீக்ரெட்டையும் எந்த கீ வச்சு என்க்ரிப்ட் பண்ணிருக்கீங்க? சீக்ரெட்ஸ் மேனேஜரோட சொந்த டீஃபால்ட் கீன்னா அதுக்கு தனியா காசு இல்ல. ஆடிட்ல நல்லா இருக்கும்னு நீங்களா ஒரு கேஎம்எஸ் (என்க்ரிப்ஷன் கீய பாத்துக்கற ஏடபிள்யூஎஸ் சர்வீஸ்) கீ உருவாக்கி வச்சிருந்தா, ஒவ்வொரு ரீடுக்கும் பின்னாடி பூட்ட திறக்க ஒரு டீக்ரிப்ட் கால் போகும், அது 10,000க்கு 0.03 டாலர். 7.8 கோடிக்கு இன்னொரு 233 டாலர், இது கேஎம்எஸ்ங்கற தலைப்புல. ஆக மொத்தம் கூட்டினா 509 கூட 233 கூட 1,555, கிட்டத்தட்ட 2,300 டாலர். டாலருக்கு 85 ரூபானு கணக்கு வச்சு அது மேல 18% ஜிஎஸ்டி போட்டா 2 லட்சத்து 30 ஆயிரம் ரூபா, ஒரு மாசத்துக்கு. இன்டர்வல மாத்தின பிறகு அதே மொத்தமும் 127 டாலர் தான், 13 ஆயிரத்துக்குள்ள முடிஞ்சுடும். ரெண்டாவது ட்ரெயிலும் சொந்த கீயும் உங்ககிட்ட இருக்கான்னு நீங்க தான் பாக்கணும், இல்லன்னா இந்த ரெண்டு தொகையும் கழிச்சுக்கோங்க.

இப்ப அஷ்யூர் பேச்சுக்கு வருவோம். நீங்க கேட்டது உண்மை தான், அஷ்யூர் கீ வால்ட் ஸ்டாண்டர்டுல சீக்ரெட்டுக்கு மாச வாடகை கிடையாது, 10,000 ட்ரான்சாக்ஷனுக்கு 0.03 டாலர் மட்டும். சர்டிஃபிகேட் ரினியூவல் வச்சீங்கன்னா ஒரு தடவைக்கு 3 டாலர். கூகுள் க்ளவுடுல சீக்ரெட்டோட ஒரு ஆக்டிவ் வெர்ஷனுக்கு மாசம் 0.06 டாலர், 10,000 தடவ படிச்சா 0.03. உங்க 10 செகண்ட் பழக்கத்தோட அஷ்யூருக்கு போனீங்கன்னா மாசம் 233 டாலர் வரும், 510 எடத்துல 233, ஆகா பாதியாச்சேன்னு கைதட்டுவீங்க. பழக்கத்த மாத்திட்டு இங்கயே இருந்தா 121. பழக்கத்தையும் மாத்தி அங்கயும் போனா 0.65 டாலர். ஆக மாறறதால நிஜமா கிடைக்கறது மாசம் 120 டாலர், 10 ஆயிரம் ரூபா. அதுக்காக ஏடபிள்யூஎஸ்ல ஓடற ஆப் வேற க்ளவுடுக்கு போய் சாவி கேட்டு, அங்க போறதுக்கே ஒரு அடையாளம் செட்டப் பண்ணி, அந்த க்ளவுடு கொஞ்ச நேரம் படுத்தா உங்க பாடும் எழுந்திருக்காம படுத்து… ஒரு இன்ஜினியர் ரெண்டு நாள் இதுல உக்காந்தாலே அந்த 10 ஆயிரம் போச்சு.

கூகுள் பக்கம் போறவங்களுக்கு ஒரு சின்ன பொறி இருக்கு, சொல்லிடறேன். அங்க காசு சீக்ரெட்டுக்கு இல்ல, வெர்ஷனுக்கு. டிசேபிள் பண்ணின வெர்ஷனுக்கும் காசு ஓடும், டெஸ்ட்ராய் பண்ணினா தான் நிக்கும். 300 சீக்ரெட்ட மாசாமாசம் ரொட்டேட் பண்ணி பழசெல்லாம் அப்படியே விட்டீங்கன்னா ஒரு வருஷத்துல 3,600 வெர்ஷன், 216 டாலர், ஏடபிள்யூஎஸ்ஸ விட ஜாஸ்தி. ரெப்ளிகேஷன்ல (வேற எடத்துலயும் காப்பி வைக்கறது) லொகேஷன நீங்களே தேர்ந்தெடுத்தா ஒவ்வொரு லொகேஷனுக்கும் தனியா பெருக்கிக்கணும், ஆட்டோமேட்டிக்னு விட்டா ஒரே லொகேஷன் கணக்கு. ஏடபிள்யூஎஸ்லயும் இன்னொரு ரீஜனுக்கு ரெப்ளிகா வச்சா அது தனி 0.40 தான்.

அந்த 120 டாலரையும் கொறைக்கணும்னு ஆசை இருந்தா அதே ஏடபிள்யூஎஸ்க்குள்ளயே வழி இருக்கு. பாராமீட்டர் ஸ்டோர்னு செட்டிங் சேத்து வைக்கற சர்வீஸ் இருக்கு, அதுல ஸ்டாண்டர்டு பாராமீட்டர் 10,000 வரைக்கும் இலவசம், ஒண்ணு 4 கேபி வரைக்கும். செக்யூர் ஸ்ட்ரிங்னு வச்சா கேஎம்எஸ்ல என்க்ரிப்டும் ஆகும். யாரோட ஏபிஐ கீயோ, எஸ்எம்எஸ் கேட்வே டோக்கனோ, வருஷத்துக்கு ஒரு தடவ கையால மாத்தறதெல்லாம் அங்க போகலாம். ஆட்டோமேட்டிக் ரொட்டேஷன் வேணும், இன்னொரு ரீஜன்ல காப்பி வேணும்னா தான் சீக்ரெட்ஸ் மேனேஜர். ஆனா இன்டர்வல மாத்தாம மட்டும் அங்க போயிடாதீங்க, பாராமீட்டர் ஸ்டோர்ல டீஃபால்ட்டா செகண்டுக்கு 40 ரீடு தான் லிமிட், உங்க 300 சீக்ரெட் 10 செகண்டுனா ஏற்கனவே செகண்டுக்கு 30, ஆபரேட்டர் ஒரு தடவ ரீஸ்டார்ட் ஆகி எல்லாத்தையும் ஒண்ணா கேட்டுச்சுன்னா த்ராட்டில் எர்ரரா (லிமிட் தாண்டிட்டீங்க, தர முடியாதுங்கற பதில்) கொட்டும். லிமிட்ட கூட்டிக்கலாம், அப்ப 10,000 காலுக்கு 0.05னு மறுபடியும் அதே மீட்டர் ஓட ஆரம்பிக்கும்.

இன்னொரு சுலபமான விஷயம், ஒரு சீக்ரெட்டுக்குள்ள 64 கேபி வரைக்கும் வைக்கலாம். நிறைய பேர் டேட்டாபேஸ் ஹோஸ்டுக்கு ஒரு சீக்ரெட், போர்ட்டுக்கு ஒரு சீக்ரெட், யூசர்நேமுக்கு ஒண்ணு, பாஸ்வேர்டுக்கு ஒண்ணுனு வச்சிருப்பாங்க, போர்ட் நம்பர் 5432 என்னய்யா ரகசியம், அதுக்கு வருஷம் 4.80 டாலர். ஒரு சர்வீசுக்கு ஒரே ஜேசானா (பேரும் வேல்யூவும் சேத்து எழுதற டெக்ஸ்ட்) போட்டீங்கன்னா 300 சீக்ரெட் 60 ஆகும், 24 டாலர். இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு, ரெண்டு சர்வீஸ் சாவிய ஒரே ஜேசான்ல போட்டா ஒருத்தருக்கு குடுக்கற பர்மிஷன்ல இன்னொருத்தர் சாவியும் போயிடும், மிச்சம் பண்றேன்னு அத மட்டும் பண்ண வேண்டாம்.

லாம்ப்டா (சர்வர் வைக்காம கோடு மட்டும் ஓட்டற ஏடபிள்யூஎஸ் சர்வீஸ்) வச்சிருக்கவங்களுக்கும் இதே வியாதி தான், வேற ரூபத்துல. ஹேண்ட்லருக்குள்ள (ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஓடற ஃபங்ஷன்) முதல் வரியே சீக்ரெட்ட படின்னு எழுதியிருப்பாங்க, செகண்டுக்கு 100 ரிக்வெஸ்ட் வந்தா மாசம் 25.9 கோடி கால், 1,296 டாலர். ஹேண்ட்லருக்கு வெளிய தூக்கி போட்டாலே பாதி வேலை முடிஞ்சுது, இல்ல ஏடபிள்யூஎஸ்ஸே 2022ல லாம்ப்டாக்குனு ஒரு எக்ஸ்டென்ஷன் விட்டாங்க, படிச்சத டீஃபால்ட்டா 300 செகண்ட் கையிலயே வச்சு கேஷ் பண்ணும். குபர்னெட்டிஸ்லயே ஆபரேட்டருக்கு பதிலா சிஎஸ்ஐ டிரைவர் (சீக்ரெட்ட நேரா பாட்ல ஃபைலா மவுன்ட் பண்ற டூல்) யூஸ் பண்றவங்க கொஞ்சம் ஜாக்கிரதை, ரொட்டேஷன ஆன் பண்ணினா டீஃபால்ட்டா 2 நிமிஷத்துக்கு ஒரு தடவ போய் பாக்கும், அதுவும் பாட் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா, அதனால ஆட்டோஸ்கேலிங்ல பாட் எண்ணிக்கை ஏற ஏற பில்லும் ஏறும்.

கேஎம்எஸ் பத்தி தனியா கொஞ்சம் பேசணும், ஏன்னா அங்க கதையே வேற. நீங்க உருவாக்கற ஒரு கீக்கு மாசம் 1 டாலர், 10,000 ரிக்வெஸ்டுக்கு 0.03, மாசம் முதல் 20,000 ரிக்வெஸ்ட் இலவசம். பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். நான் முன்னாடி வேலை பாத்த ஒரு எடத்துல சின்ன சின்ன ஜேபெக் தம்ப்நெயிலா கோடிக்கணக்குல எஸ்3ல வச்சிருந்தோம், ஒரு ஆடிட்டுக்கு முன்னாடி அந்த பக்கெட்ட (எஸ்3ல ஃபைல் வைக்கற எடம்) டீஃபால்ட் என்க்ரிப்ஷன்லேர்ந்து கேஎம்எஸ் என்க்ரிப்ஷனுக்கு மாத்தினோம், பழைய ஃபைலெல்லாம் திரும்ப காப்பி பண்ணி அதையும் மாத்தினோம், எல்லாரும் வீட்டுக்கு போயிட்டோம். அடுத்த மாசம் கேஎம்எஸ் வரி எஸ்3 ரீடு வரிய விட ஏழு மடங்கு கிட்ட இருந்துச்சு. மேனேஜர் ஏதோ ஹேக் ஆயிடுச்சுன்னே நினைச்சார். கணக்கு ரொம்ப சிம்பிள்: எஸ்3ல 10 கோடி தடவ படிச்சா கெட் (படிக்கற) ரிக்வெஸ்டுக்கு 40 டாலர். ஒவ்வொரு ரீடுக்கும் ஒரு டீக்ரிப்ட் போனா அதே 10 கோடிக்கு கேஎம்எஸ்ல 300 டாலர். வீட்டுக்குள்ள போக டிக்கெட் 40, கதவ திறக்க 300.

அதுக்கு மருந்து பக்கெட் கீ. 2020 டிசம்பர்ல வந்துச்சு. ஒவ்வொரு ஃபைலுக்கும் கேஎம்எஸ்கிட்ட போகாம, பக்கெட் லெவல்ல ஒரு கீய கொஞ்ச நேரத்துக்கு எஸ்3யே கையில வச்சுக்கிட்டு அதுலேர்ந்து ஃபைலுக்கு சாவி போட்டுக்கும், கேஎம்எஸ் செலவு 99% வரைக்கும் கொறையும்னு ஏடபிள்யூஎஸ்ஸே சொல்றாங்க. செட்டிங்ல ஒரு க்ளிக் தான், ஆனா ரெண்டு விஷயம்: ஏற்கனவே இருக்கற ஃபைலுக்கு இது பொருந்தாது, திரும்ப எழுதினா தான், எங்களுக்கு அதனால காப்பி வேலைய மறுபடியும் மொதல்லேர்ந்து பண்ண வேண்டியதாச்சு, 10 கோடி காப்பிக்கு புட் (எழுதற) ரிக்வெஸ்ட் காசே 500 டாலர் ஆகும். அப்புறம் க்ளவுட்ட்ரெயில்ல எந்த ஃபைலுக்காக கீ யூஸ் ஆச்சுன்னு இருந்தது பக்கெட் பேரா மாறிடும், கேஎம்எஸ் பாலிசில ஃபைல் பாத் வச்சு கண்டிஷன் எழுதியிருந்தா அது உடையும். ஆக பக்கெட் உருவாக்கற அன்னைக்கே ஆன் பண்றது தான் புத்திசாலித்தனம். எஸ்க்யூஎஸ்லயும் (மெசேஜ் க்யூ சர்வீஸ்) இதே மாதிரி டேட்டா கீய எவ்ளோ நேரம் திரும்ப யூஸ் பண்ணலாம்னு ஒரு செட்டிங் இருக்கு, டீஃபால்ட் 5 நிமிஷம், 24 மணி நேரம் வரைக்கும் ஏத்தலாம்.

கஸ்டமருக்கு ஒரு கீனு வைக்கற சாஸ் (சாஃப்ட்வேர சந்தாவுக்கு விடற) கம்பெனிங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு. 2,000 கஸ்டமர், 2,000 கீ, மாசம் 2,000 டாலர்னு பட்ஜெட்ல எழுதுவாங்க. ரொட்டேஷன ஆன் பண்ணுவாங்க, முதல் ரொட்டேஷனுக்கு அப்புறம் ஒரு கீ 2 டாலர், ரெண்டாவதுக்கு அப்புறம் 3 டாலர், ஏன்னா பழைய கீ மெட்டீரியலயும் ஏடபிள்யூஎஸ் பத்திரமா வச்சிருக்கணும்ல, பழைய டேட்டாவ திறக்க. ஆக 6,000 டாலர். நல்ல வேளையா 2024 ஏப்ரல்லேர்ந்து ரெண்டாவது ரொட்டேஷனோட நிறுத்திட்டாங்க, அதுக்கு முன்னாடி வருஷாவருஷம் ஏறிக்கிட்டே போகும். பெரும்பாலான எடத்துல கஸ்டமருக்கு ஒரு கீ தேவையே இல்ல, ஒரே கீ வச்சு என்க்ரிப்ஷன் கான்டெக்ஸ்ட்ல (பூட்டறப்போ கூட சேக்கற அடையாளம்) கஸ்டமர் ஐடிய போட்டா ஒருத்தர் டேட்டாவ இன்னொருத்தர் பேர்ல திறக்க முடியாது. கஸ்டமர் காண்ட்ராக்ட்லயே என் கீ தனியா இருக்கணும், நான் போறப்போ அத அழிக்கணும்னு எழுதி கேட்டா மட்டும் குடுங்க, அந்த காச அவங்க பில்லுல சேத்துடுங்க.

எச்எஸ்எம் (கீய பாதுகாக்கற தனி ஹார்ட்வேர் பெட்டி) வேணும்னு ஆடிட்டர் சொல்லிட்டாரு, ஏடபிள்யூஎஸ் வாடகைக்கு விடற க்ளவுட்எச்எஸ்எம் வாங்கணுமான்னு அடிக்கடி கேப்பாங்க. ஒரு எச்எஸ்எம் மணிக்கு ஒன்றரை டாலர் வாக்குல, ரீஜனுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் கூட கொறைய. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு வேணும்னு ரெண்டு வைக்கணும், மாசம் 730 மணி நேரம், 2,200 டாலர் கிட்ட ஆச்சு, ஒரு கீ கூட யூஸ் பண்ணலன்னாலும். அஷ்யூர் மேனேஜ்டு எச்எஸ்எம்மும் மணிக்கு 3.20 டாலர், 2,336 டாலர், ரெண்டும் ஒரே ரேஞ்சு தான். வாங்கறதுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட திரும்ப ஒரு கேள்வி கேளுங்க: ஃபிப்ஸ் (அமெரிக்க அரசோட பாதுகாப்பு தரம்) லெவல் 3 எச்எஸ்எம் போதுமா, இல்ல அந்த பெட்டி எங்களுக்கு மட்டுமே சொந்தமா இருக்கணுமா? கேஎம்எஸ்ஸுக்கு பின்னாடி இருக்கறதும் எச்எஸ்எம் தான், 2023லேர்ந்து அதுவே லெவல் 3. லெவல் 3 போதும்னு பதில் வந்தா 1 டாலர் கீயே போதும். ஆதார் நம்பர் சேத்து வைக்கறவங்க கதை வேற, ஆதார் டேட்டா வால்ட் தனியா வச்சு அதோட கீய எச்எஸ்எம்ல தான் வைக்கணும்னு ஆதார் ஆணையமான யுஐடிஏஐ 2017ல சுற்றறிக்கையே விட்டிருக்கு, அங்க எந்த மாதிரி எச்எஸ்எம்னு எழுத்துல வாங்கிக்கோங்க, வாய் வார்த்தைய நம்பி மாசம் 2,200 டாலருக்கு கையெழுத்து போடாதீங்க.

வால்ட்ட நாங்களே ஓட்டினா? சாஃப்ட்வேர் ஃப்ரீ தான், 2023 ஆகஸ்ட்ல ஹாஷிகார்ப் லைசென்ஸ மாத்தினாலும் உங்க சொந்த உபயோகத்துக்கு பிரச்சனை இல்ல, மனசு ஒப்பலன்னா ஓப்பன்பாவ்னு லினக்ஸ் ஃபவுண்டேஷன்ல ஒரு ஃபோர்க் (அதே கோடுலேர்ந்து பிரிஞ்ச தனி ப்ராஜெக்ட்) இருக்கு. மூணு நோடாவது வேணும், சின்ன மெஷினா எடுத்தாலும் ஒண்ணு மாசம் 30 டாலர்னு 90 டாலர், லோடு பேலன்சர், டிஸ்க், பேக்கப்னு சேத்தா நீங்க மிச்சம் பண்ண நினைச்ச 120 டாலர் அங்கயே முடிஞ்சுது. அது போக ராத்திரி 2 மணிக்கு வால்ட் சீல் ஆகிடுச்சுன்னு (பூட்டிக்கிச்சுன்னு) போன் வந்தா எழுந்திருக்கறது யாரு? வால்ட்ட ஓட்டறதுக்கு நல்ல காரணங்கள் இருக்கு, டேட்டாபேஸ் யூசர அப்பப்ப உருவாக்கி ஒரு மணி நேரத்துல அழிக்கறது, ரெண்டு மூணு க்ளவுடுக்கு பொதுவா ஒண்ணு வேணும்ங்கறது, ஆயிரக்கணக்குல சீக்ரெட் வச்சிருக்கறது. 300 சீக்ரெட்டும் 120 டாலரும் அந்த லிஸ்ட்ல வராது. மாசம் ஒரு டாலர்ல முடிக்கணும்னா சாப்ஸ்னு ஒரு டூல் இருக்கு, சீக்ரெட் ஃபைலையே ஒரு கேஎம்எஸ் கீ வச்சு என்க்ரிப்ட் பண்ணி கோடு வைக்கற கிட்லயே (Git) வச்சுக்கலாம், டிப்ளாய் பண்றப்போ மட்டும் திறக்கும். அஞ்சு பேர் டீமுக்கு அது அருமையா ஓடும், ஆனா யாரு எப்ப எந்த சீக்ரெட்ட படிச்சாங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் தனி லாக் கிடைக்காது.

ப்ரைவேட் சப்நெட்லேர்ந்து (இன்டர்நெட்டோட நேரா சேராத நெட்வொர்க்) பேசறதுக்கு இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட் (ஏடபிள்யூஎஸ் சர்வீசுக்கு போற தனி வழி) வச்சிருக்கீங்களான்னும் பாருங்க. விர்ஜீனியா ரேட்டுல ஒரு ஏஇசட்டுக்கு (ரீஜனுக்குள்ள தனித்தனியா இருக்கற டேட்டா சென்டர் பகுதி) மணிக்கு 0.01 டாலர், மும்பைல கொஞ்சம் கூட. மூணு ஏஇசட், சீக்ரெட்ஸ் மேனேஜருக்கு ஒண்ணு கேஎம்எஸ்ஸுக்கு ஒண்ணுனா ஒரு விபிசிக்கு (ஏடபிள்யூஎஸ்ல உங்க தனி நெட்வொர்க்) 44 டாலர், டெவ், க்யூஏ, ஸ்டேஜிங்னு பத்து விபிசி இருந்தா 440 டாலர் சத்தமில்லாம போகும். டெவ்ல ஏற்கனவே நேட் கேட்வே (இன்டர்நெட்டுக்கு வெளிய போற வாசல்) இருந்தா அது வழியாவே போகட்டும், காலும் கொறைஞ்ச பிறகு அதுல பைசா தான்.

கடைசியா அழிக்கற விஷயம். சீக்ரெட் லிஸ்ட்ல கடைசியா எப்ப படிச்சாங்கன்னு தேதி இருக்கும், ஆனா உங்க ஆபரேட்டர் படிச்சுக்கிட்டே இருக்கற வரைக்கும் எல்லாத்துக்கும் இன்னைக்கு தேதி தான் காட்டும், அதனால முதல்ல எந்த பாடும் யூஸ் பண்ணாத எக்ஸ்டர்னல் சீக்ரெட்ட கிளஸ்டர்லேர்ந்து எடுங்க, ரெண்டு மாசம் விடுங்க, அப்புறம் தேதி நகராததெல்லாம் டெலீட்டுக்கு போடுங்க. 7லேர்ந்து 30 நாள் வெயிட்டிங் இருக்கும், அந்த நாளுக்கு காசு இல்ல, தப்பா போட்டிருந்தா திரும்ப எடுத்துக்கலாம். கேஎம்எஸ் கீ மேல மட்டும் இந்த தைரியம் வேண்டாம். முதல்ல டிசேபிள் பண்ணி வைங்க, டிசேபிள் பண்ணினாலும் மாசம் 1 டாலர் ஓடும், ஓடட்டும், யாராவது கத்தறாங்களான்னு பாருங்க, க்ளவுட்ட்ரெயில்ல அந்த கீ பேர தேடுங்க, வருஷத்துக்கு ஒரு தடவ திறக்கற பேக்கப் எதாவது அதுல பூட்டி கிடக்கான்னு கேளுங்க. அந்த கீ அழிஞ்சா அதுல பூட்டினது எல்லாம் போச்சு, ஏடபிள்யூஎஸ் சப்போர்ட்டே நினைச்சாலும் எடுத்து தர முடியாது.

இன்டர்வல் என்னன்னு பாத்துட்டு கமெண்ட்ல போடுங்க. 10 செகண்ட் இல்லன்னா ஒவ்வொரு சீக்ரெட்டையும் ரெண்டு மூணு நேம்ஸ்பேஸ்ல (கிளஸ்டருக்குள்ள பிரிச்ச பகுதி) தனித்தனியா இழுக்கறீங்கன்னு அர்த்தம், அப்ப அந்த லிஸ்ட்டையும் சேத்து அனுப்புங்க, பாத்து சொல்றேன்.